அஞ்சாறு வயசுல பிணையா போன பையன்

கேளுங்க பேசுவோம் – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல மேக்னா கார்ட்டா, அதாவது 1215ல இங்கிலாந்து ராஜா ஜான் பிரபுக்களுக்கு எழுதிக் குடுத்த உரிமை சாசனம் பத்தின ஒரு கேள்விக்கு பதில் எழுதறப்போ, ஜான் ராஜா செத்ததும் அந்த சாசனத்தை மறுபடி வெளியிட்டு உயிர் குடுத்தது வில்லியம் மார்ஷல்ங்கிற எழுபது வயசு பெரியவர்னு ஒரே ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் புடிச்சுக்கிட்டு இத்தனை பேர் எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்ல. யாரு அவரு, பொண்டாட்டி புள்ளைங்க யாரு, அந்த வம்சம் என்ன ஆச்சுன்னு கேட்டு வந்தது எல்லாத்தையும் சேர்த்து இந்த தடவை முழுக்க அவர் வீட்டுக் கதைதான். எனக்கும் ரொம்ப நாளா இதை விலாவாரியா பேசணும்னு ஆசை.

மார்ஷல்ங்கிறது பேரா, பட்டமா? எந்தக் காலத்து ஆளு? – வாசகர், திண்டுக்கல்

முதல்ல அது வேலை, அப்புறம்தான் பேரு. ராஜா வீட்டு குதிரை லாயத்தைப் பார்த்துக்கிற அதிகாரிக்கு மார்ஷல்னு பேரு, பழைய ஜெர்மானிய பேச்சுல குதிரைக்காரன்னுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தமே. வில்லியமோட தாத்தாவும் அப்பாவும் முதலாம் ஹென்றி காலத்துல இந்த வேலை எங்க குடும்பத்துக்குத்தான்னு வழக்காடி ஜெயிச்சாங்க, அதுலேர்ந்து பரம்பரை வேலை, பரம்பரைப் பேரு. வில்லியம் பொறந்தது 1146 இல்ல 1147, செத்தது 1219 மே 14. ஸ்டீபன், ரெண்டாம் ஹென்றி, ரிச்சர்ட், ஜான், மூணாம் ஹென்றின்னு அஞ்சு ராஜா ஆட்சியைப் பார்த்தவரு.

அவர் செத்து சில வருஷத்துல மூத்த மகன் செலவு பண்ணி அப்பா கதையை பழைய பிரெஞ்சுல 19,000 வரிக்கு மேல பாட்டா எழுத வெச்சாரு. ராஜாவோ சாமியாரோ இல்லாத ஒரு ஆளுக்கு அந்தக் காலத்துல இப்படி ஒரு வாழ்க்கைக் கதை ரொம்ப அபூர்வம். நான் கீழ சொல்லப்போற வீட்டு சமாச்சாரம் பாதிக்கு மேல அதுலேர்ந்து வர்றதுதான், புள்ளை காசு குடுத்து எழுத வெச்சதுங்கிறதையும் மனசுல வெச்சுக்கிட்டுப் படிங்க.

பெத்த புள்ளையை தூக்குல போட்டுக்கோன்னு அப்பனே சொன்னாராமே அக்கா, நிஜமாவா? – வாசகி, கும்பகோணம்

சொன்னாருன்னுதான் அந்தப் பாட்டு சொல்லுது, மகன் வீட்டு செலவுல எழுதினதுலயே இது இருக்குன்னா குடும்பத்துக்குள்ள அது மறைக்காம பேசின விஷயமாத்தான் இருந்திருக்கணும்.

1152ல நடந்தது. அப்போ இங்கிலாந்துல ஸ்டீபன் ராஜாவுக்கும், முதலாம் ஹென்றி மக மட்டில்டாவுக்கும் யாருக்கு சிம்மாசனம்னு பல வருஷமா சண்டை, வில்லியமோட அப்பா ஜான் மட்டில்டா பக்கம். நியூபரிங்கிற ஊர்ல இருந்த அவரோட கோட்டையை ஸ்டீபன் முற்றுகை போட்டுட்டாரு. எங்க தலைவிகிட்ட கேட்டு சரணடையறோம், கொஞ்ச நாள் டைம் குடுங்கன்னு ஜான் கேட்டாரு, சரி அதுவரைக்கும் உன் மகனை பிணையா அனுப்புன்னாரு ராஜா. போனது வில்லியம், அஞ்சாறு வயசுப் பையன். ஜான் என்ன பண்ணாருன்னா கிடைச்ச டைம்ல கோட்டைக்குள்ள ஆளையும் சாப்பாட்டையும் ஏத்திக்கிட்டு சரணடைய மாட்டேன்னுட்டாரு. உன் மகனை தூக்குல போடுவோம்னு சொல்லி அனுப்பினதுக்கு, இதைவிட நல்ல புள்ளைங்களை அடிச்சு எடுக்க எங்கிட்ட இன்னும் சம்மட்டியும் பட்டறைக்கல்லும் இருக்குன்னு பதில் வந்துச்சாம்.

தூக்குமரத்துக்கு கூட்டிட்டுப் போற வழியில பையனுக்கு ஒண்ணும் புரியல. பக்கத்துல வந்த ஆரண்டல் பிரபு கையில ஒரு சின்ன ஈட்டி, அதை எனக்கு விளையாடத் தாங்கன்னு கேட்டிருக்கான். அதைப் பார்த்ததும் ஸ்டீபனுக்கு மனசு கேக்கல, பையனை கையில தூக்கிக்கிட்டு திரும்ப வந்துட்டாரு. கூட இருந்தவங்க விடல, கல்லெறி யந்திரத்துல வெச்சு கோட்டைக்குள்ள வீசுவோம்னாங்க, பையன் அந்த யந்திரத்துல தொங்கற வாரைப் பார்த்து ஊஞ்சல்னு நினைச்சு நான் ஆடட்டுமான்னு கேட்டானாம். அதுக்கப்புறம் ஒரு நாள் ராஜா கூடாரத்துல, தரையில பரப்பியிருந்த புல்லு பூவுக்கு நடுவுல இவன் ஒரு செடித்தண்டைப் பொறுக்கியிருக்கான், வயல் ஓரத்துல முளைக்கிற சின்னச் செடி, நீளமான தண்டு, நுனியில மட்டும் தலை மாதிரி ஒரு கதிர் இருக்கும். ஆளுக்கு ஒரு தண்டு, ஒருத்தர் தண்டால இன்னொருத்தர் தண்டை அடிக்கணும், யார் தண்டோட தலை விழுதோ அவர் அவுட். ராஜாகிட்ட வாங்க விளையாடலாம்னு சொல்லி ஒரு தண்டை நீட்டியிருக்கான், ராஜாவும் உக்காந்து விளையாடியிருக்காரு, முதல் ஆட்டத்துல தோத்தது ராஜாதான். வெளிய முற்றுகை நடந்துக்கிட்டிருக்கு, இந்தப் பையன் உசுரு ஒரு வார்த்தையில தொங்குது, உள்ள ரெண்டு பேரும் செடித்தண்டை வெச்சு விளையாடிட்டு இருக்காங்க. எத்தனை தடவை படிச்சாலும் இந்த இடத்துல நான் நின்னுடுவேன்.

1153 கடைசியில ரெண்டு தரப்புக்கும் சமாதானம் ஆனப்புறம்தான் பையன் வீடு வந்து சேர்ந்தான்.

அந்த அப்பாவுக்கு ஸ்டீபனைப் பத்தி நல்லா தெரிஞ்சிருக்கும், கொல்ல மாட்டார்னு தைரியத்துலதான் சொல்லியிருப்பாருன்னு என் வீட்டுக்காரர் வாதாடறாரு. – வாசகி, சேலம்

உங்க வீட்டுக்காரர் சொல்றதுல விஷயம் இருக்கு, ஸ்டீபன் இளகின மனசுக்காரர்னு எதிரிக்கும் தெரியும். ஆனாலும் ஜான் சாதாரண ஆளு இல்ல. 1141ல வெர்வெல்ங்கிற ஊர் மடத்துக்குள்ள மாட்டிக்கிட்டப்போ எதிரிங்க தீ வெச்சு, கூரையில இருந்த ஈயம் உருகி முகத்துல விழுந்து ஒரு கண்ணு போச்சு, அப்பவும் வெளிய வந்து சரணடையல. அப்படிப்பட்டவருக்கு நாலாவது மகனோட உசுரு ஒரு கணக்குத்தான்னு எனக்குத் தோணுது. ஆமா, நாலாவது மகன். மூத்த தாரத்துக்கு ரெண்டு ஆம்பளப் புள்ளைங்க, அப்புறம் சாலிஸ்பரி குடும்பத்தோட இருந்த பகையைத் தீர்க்க மூத்தவளை விலக்கிட்டு அந்த வீட்டுப் பொண்ணு சிபில்லை கட்டிக்கிட்டாரு, அவங்களுக்குப் பொறந்தவங்கள்ல வில்லியம் ரெண்டாவது. அம்மாவே ஒரு சமாதானத்துக்காக குடுக்கப்பட்டவங்கதான்.

நாலாவது மகனுக்கு சொத்து ஏது? எப்படி இவ்வளவு பெரிய ஆளானாரு? – வாசகர், ஈரோடு

சொத்து ஒண்ணும் கிடையாது. அதனால பதிமூணு வயசு வாக்குல, பிரான்ஸ் பக்கம் அப்போ இங்கிலாந்து ராஜா கையில இருந்த நார்மண்டியில சொந்தக்காரர் டாங்கர்வில் பிரபு வீட்டுக்கு வேலை கத்துக்க அனுப்பிட்டாங்க. அங்க இவனுக்கு வெச்ச பட்டப்பேரு சோத்துமூட்டைங்கிற அர்த்தத்துல வரும், நல்லா தின்னு தின்னு தூங்குவானாம்.

1166 வாக்குல குதிரைவீரரா பட்டம் கட்டின கையோட ஒரு சண்டை, ஊரே மெச்சற மாதிரி சண்டை போட்டாரு, ஆனா தன்னோட குதிரை செத்துப்போச்சு, யாரையும் புடிச்சு பணமும் வாங்கல. அன்னிக்கு ராத்திரி விருந்துல ஒரு பெரிய பிரபு, மார்ஷல் எனக்கு ஒரு பரிசு குடு, ஒரு பழைய சேணவார் இருந்தாக்கூட போதும்னு கேட்டாரு, இவரு அப்பாவியா எங்கிட்ட அப்படி எதுவுமே இருந்தது இல்லையேன்னாரு, இன்னிக்கு நீ நாப்பது புடிச்சிருக்கலாமேன்னு எல்லாரும் சிரிச்சாங்க. பட்டம் கட்டினப்போ போட்டுவிட்ட அங்கியை 22 ஷில்லிங்குக்கு வித்துத்தான் ஒரு மட்டக் குதிரை வாங்கினாரு. அந்த சிரிப்பு அவருக்கு ஜென்மத்துக்கும் பாடமாச்சு.

அதுக்கப்புறம் டோர்னமென்ட். சினிமாவுல காட்டற மாதிரி ரெண்டு பேர் எதிரெதிரா ஓடி வந்து இடிக்கறது இல்ல, ரெண்டு பெரிய கூட்டம், வயல், திராட்சைத் தோட்டம், கிராமத்துத் தெருன்னு மைல் கணக்குல நடக்கிற போலிச் சண்டை. யாரைப் புடிச்சாலும் அவன் குதிரையும் கவசமும் புடிச்சவனுக்கு, ஆளை விடறதுக்கு பணம். இங்கிலாந்துல ரெண்டாம் ஹென்றி இதுக்குத் தடை போட்டிருந்ததால எல்லாம் பிரான்ஸ் வடக்குப் பக்கம்தான். ரோஜர்னு ஒருத்தரோட கூட்டு சேர்ந்து பத்து மாசத்துல 103 பேரைப் புடிச்சாங்க, அந்தக் கணக்கை எழுதி வெச்சது சமையல்கட்டு குமாஸ்தா. ஒரு தடவை பரிசு குடுக்க ஆளைக் காணோம்னு தேடிப் போனா, நம்மாளு ஒரு கொல்லன் பட்டறையில பட்டறைக்கல் மேல தலையை வெச்சு படுத்திருக்காரு, அடி வாங்கி நசுங்கின இரும்புத் தொப்பி கழுத்தைக் கவ்விக்கிச்சு, கொல்லன் சம்மட்டியும் குறடும் வெச்சு கழட்டிக்கிட்டிருக்கான். அப்பா சொன்ன அந்த சம்மட்டி பட்டறைக்கல் பேச்சு எனக்கு இங்க ஞாபகம் வராம இருக்காது.

தாய்மாமன் இவருக்கு உதவி பண்ணலையா? – வாசகர், மன்னார்குடி

பண்ணாரு, அதுலதான் உசுரையும் விட்டாரு. அம்மாவோட அண்ணன் பேட்ரிக், சாலிஸ்பரி பிரபு, 1168ல பிரான்ஸ் மேற்குப் பக்கம் போய்ட்டூங்கிற நாட்டுல மருமகனைக் கூட்டிட்டுப் போயிருந்தாரு. கவசம் கூட போடாம போய்க்கிட்டிருந்தப்போ லூசின்யான் குடும்பத்து ஆளுங்க மறைஞ்சிருந்து பின்னாடியிருந்து குத்திட்டாங்க. மாமனைக் கொன்னவங்க மேல இவரு தனியா பாஞ்சாரு, வேலிக்கு முதுகைக் குடுத்து நின்னு சண்டை போட்டவரை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தொடையில குத்திப் புடிச்சாங்க. காயத்துக்கு மருந்து கிடையாது, இழுத்துக்கிட்டு ஊர் ஊரா போனாங்க. ஒரு வீட்டுல தங்கினப்போ அங்க இருந்த ஒரு பொம்பள இவரு நிலைமையைப் பார்த்துட்டு, ஒரு ரொட்டியை நடுவுல குடைஞ்சு அதுக்குள்ள சுத்தமான கட்டுத்துணியை வெச்சு அனுப்பியிருக்கா. அந்தம்மா பேரு எதுலயும் இல்ல. கடைசியில பணம் கட்டி மீட்டது எலனோர் மகாராணி, ரெண்டாம் ஹென்றியோட சம்சாரம். ரெண்டு வருஷத்துல இவரை தன் மகன் இளைய ஹென்றிக்கு ஆயுதப் பயிற்சி குடுக்கவும் வெச்சாங்க.

இளைய ராணி மார்கரெட்டுக்கும் இவருக்கும் தொடர்புன்னு எங்கயோ படிச்சேன். – வாசகர், நாகர்கோவில்

மார்கரெட் இளைய ஹென்றியோட சம்சாரம், 1182ல அப்படி ஒரு புரளி கிளப்பினாங்க. யார் வேணா என்னோட சண்டை போட்டு நிரூபிங்கன்னு கிறிஸ்துமஸ் சபையில எல்லார் முன்னாடியும் நின்னாரு, ஒருத்தரும் வரல, கோவிச்சுக்கிட்டு போய்ட்டாரு. அடுத்த வருஷமே இளைய ஹென்றி கூப்பிட்டு அனுப்பிட்டாரு. 1183 ஜூன்ல அவரு காய்ச்சல்ல சாகறப்போ, சிலுவைப்போருக்குப் போறேன்னு நான் பண்ணின நேர்த்தியை எனக்காக நீ நிறைவேத்துன்னு தன் அங்கியைக் குடுத்தது இவர்கிட்டதான். பொண்டாட்டியை கெடுத்தவன்னு நினைச்சிருந்தா சாகப்போறவர் அதைக் குடுப்பாரா? இவரும் ஜெருசலேம் போய் நிறைவேத்திட்டு வந்தாரு.

நாப்பது வயசுக்கு மேல பதினேழு வயசுப் பொண்ணைக் கட்டினாராமே, இதையெல்லாம் வீரம்னு எப்படி எழுதறீங்க? – கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

கோவப்பட வேண்டிய விஷயம்தான்மா, நான் அதை மழுப்பப் போறதில்ல. அப்பா செத்துப்போன பணக்கார வாரிசுப் பொண்ணு ராஜாவோட பொறுப்புல வந்துடுவா, ராஜா அவளை யாருக்கு வேணா குடுக்கலாம், விலை பேசலாம். இசபெல் டி கிளேர் அப்படித்தான் லண்டன் டவர்ல இருந்தா. அப்பா ரிச்சர்ட் டி கிளேர், ஸ்ட்ராங்போன்னா எல்லாருக்கும் தெரியும், 1176லயே போயிட்டாரு. அம்மா ஈஃபா, அயர்லாந்துல லென்ஸ்டர் ராஜாவோட பொண்ணு. கூடப்பொறந்த தம்பியும் சின்ன வயசுல செத்துட்டான். வேல்ஸ் எல்லையில செப்ஸ்டோ, அயர்லாந்துல லென்ஸ்டர் முழுக்க இந்த ஒரு பொண்ணு பேர்ல.

1189ல ரெண்டாம் ஹென்றியை சொந்த மகன் ரிச்சர்டே துரத்திக்கிட்டு வந்தப்போ, குறுக்க நின்ன மார்ஷல் ரிச்சர்டோட குதிரையை மட்டும் ஈட்டியால குத்திக் கொன்னாரு. ஆளைக் குத்தியிருக்கலாம், குத்தல. சில வாரத்துல கிழவர் செத்து ரிச்சர்ட் ராஜாவாயிட்டாரு, தலை போச்சுன்னு எல்லாரும் நினைச்சாங்க, ரிச்சர்ட் இவரை மன்னிச்சு, செத்த ராஜா வாக்குக் குடுத்திருந்த இசபெல்லையும் குடுத்துட்டாரு. ஆகஸ்ட்ல லண்டன்ல கல்யாணம். சொல்லிக்கிற மாதிரி பெரிய சொத்து இல்லாத ஆளு ஒரே நாள்ல நாட்டுலயே பெரிய பணக்காரங்கள்ல ஒருத்தர். அதாவது இவரை பெரிய ஆளாக்கினது கத்தி பாதி, பொண்டாட்டி சொத்து பாதி.

இதை அவரே ஒத்துக்கிட்டாருங்கிறதுதான் எனக்கு முக்கியம். 1207ல ஜான் ராஜா அயர்லாந்துலேர்ந்து திரும்பி வான்னு கூப்பிட்டப்போ இசபெல் மாசமா இருந்தாங்க, கூட்டிட்டு வர முடியல. கில்கென்னி கோட்டையில அந்த ஊர் பிரபுக்களைக் கூட்டி இசபெல்லை கையைப் புடிச்சு அழைச்சு வந்து நிறுத்தி, இவங்கதான் உங்க எஜமானி, உங்களுக்கு நிலம் குடுத்தவரோட மக, இங்க எனக்குன்னு இருக்கிறது எல்லாம் இவங்க மூலமா வந்ததுதான், இவங்களைப் பார்த்துக்கங்கன்னு சொல்லிட்டு கிளம்பினாரு. இவரு அந்தப் பக்கம் போனதும் ராஜாவோட ஆளு மெய்லரோட படை இந்தப் பக்கம் பாஞ்சுச்சு. இங்கிலாந்துல ஜான் இவரு பக்கத்துலயே குதிரையில வந்துக்கிட்டே, கில்கென்னியை முற்றுகை போட்டுட்டாங்க, உன் ஆளுங்க முக்கியமானவங்க செத்துட்டாங்கன்னு வாய் கூசாம பொய் சொன்னாரு. நிஜத்துல இசபெல் பக்கம்தான் ஜெயிச்சிருந்தாங்க.

பத்து புள்ளைங்க, அஞ்சு ஆணு அஞ்சு பொண்ணு, பத்துமே வளர்ந்து ஆளாச்சு, அந்தக் காலத்துக்கு அது லேசான காரியம் இல்ல. மேக்னா கார்ட்டாவுல விதவையை கட்டாயப்படுத்தி மறுகல்யாணம் பண்ணி வைக்கக்கூடாதுன்னு ஒரு விதி உண்டு, 1216ல இவரு முத்திரை போட்டு மறுபடி வெளியிட்டதுலயும் அது அப்படியே இருக்கு. மூணு வருஷத்துல அந்த விதி இவரு பொண்டாட்டிக்கே பொருந்தற நிலைமை வந்துச்சு.

பிணையா இருந்து கஷ்டப்பட்டவரு தன் புள்ளைங்களை நல்லா வெச்சிருந்திருப்பாரே? – வாசகி, விருதுநகர்

இந்தக் கேள்வியைத்தான் நான் எதிர்பார்த்துக்கிட்டு இருந்தேன், பதில் சொல்லத்தான் கஷ்டமா இருக்கு. இவரும் குடுத்தாரு. 1204ல நார்மண்டி பிரெஞ்சு ராஜா கைக்குப் போயிடுச்சு, அங்க இருந்த தன் நிலத்தைக் காப்பாத்த மார்ஷல் அவருக்கும் விசுவாசம் சொன்னாரு, நீங்கதானே சரின்னீங்கன்னு இவரு சொல்ல, நான் சொல்லவே இல்லன்னு ஜான் சொல்ல, 1205ல மூத்த மகன் வில்லியமை பிணையாக் கேட்டு வாங்கிக்கிட்டாரு. 1207ல ரெண்டாவது மகன் ரிச்சர்டையும் கேட்டாரு. அவனையும் அனுப்பினாரு.

அதே காலத்துல ஜான் இன்னொரு அம்மாகிட்டயும் புள்ளைங்களைக் கேட்டாரு, வில்லியம் டி பிரயோஸ் பிரபுவோட சம்சாரம் மட்டில்டா. அந்தம்மா மாட்டேன்னுட்டாங்க, ஜான் தன் சொந்த அண்ணன் மகனை என்ன பண்ணாருன்னு எனக்குத் தெரியும்னு வந்தவங்க முகத்துக்கு நேரா சொல்லிட்டாங்களாம். அதுக்கு அவங்களும் மூத்த மகனும் 1210ல ஜான் சிறையில பட்டினி கிடந்து செத்தாங்க. அந்தக் குடும்பம் அயர்லாந்துக்கு ஓடி வந்தப்போ அடைக்கலம் குடுத்தவர் மார்ஷல். இவரோட மக ஈவாவை பின்னாடி கட்டிக் குடுத்ததும் அந்தம்மாவோட பேரனுக்குத்தான்.

குடுத்திருந்தா இப்படி, குடுக்கலன்னா அப்படி. மார்ஷல் குடுத்ததால ரெண்டு பசங்களும் பல வருஷம் கழிச்சாவது உசுரோட திரும்பினாங்க. கூடாரத்துல செடித்தண்டு வெச்சு விளையாடின பையன் அறுபது வயசுல தன் பையனை அனுப்பி வெச்சப்போ என்ன நினைச்சிருப்பாருன்னு அந்தப் பாட்டுல ஒரு வரி இல்ல. மூத்தவன் மட்டும் மறக்கல போல, 1215ல ஜானுக்கு எதிரா நின்ன 25 பிரபுக்கள்ல அவனும் ஒருத்தன், அப்பா ராஜா பக்கம்.

அவ்வளவு கொடுமை பண்ணின ஜானோட மகனுக்கு ஏன் காவல் நின்னாரு? – வாசகர், மதுரை

1216 அக்டோபர்ல ஜான் செத்தப்போ பாதி நாடு பிரெஞ்சு இளவரசர் லூயி கையில, லண்டனும் அவர்கிட்ட. ஜானோட மகன் ஹென்றிக்கு ஒன்பது வயசு. பையனைக் கூட்டிட்டு வர்ற வழியில மால்ம்ஸ்பரி பக்கம் வெட்டவெளியில மார்ஷல் எதிர்ல போய் சந்திச்சாரு. தனியா குதிரை ஓட்டத் தெரியாத வயசு, ஒருத்தர் கையில தூக்கி வெச்சுக்கிட்டு வந்தாரு. என்னை கடவுள்கிட்டயும் உங்ககிட்டயும் ஒப்படைக்கிறேன்னு அந்தப் பையன் சொல்லிட்டு அழுதான், சுத்தி நின்னவங்க அழுதாங்க, மார்ஷலும் அழுதாரு. க்ளாஸ்டர்ல முடிசூட்டினாங்க, ராஜப்பிரதிநிதியா இருங்கன்னு எல்லாரும் கேட்டப்போ வயசாச்சுன்னு முதல்ல தயங்கினாரு, அப்புறம் எல்லாரும் கைவிட்டாலும் இந்தப் பையனை தோள்ல தூக்கிக்கிட்டு தீவு தீவா போவேன், பிச்சை எடுத்தாவது காப்பாத்துவேன்னு தன் ஆளுங்ககிட்ட சொன்னாராம்.

ஒரு காலத்துல ஸ்டீபன் இவரை கையில தூக்கிட்டு வந்தாரே, அதுதான் எனக்கு இதுக்கு பதிலாத் தெரியுது. எதிரியோட மகன்னு ஸ்டீபன் பார்க்கல, இவரும் தன் மகன்களைப் பறிச்சவனோட மகன்னு பார்க்கல. 1217 மே 20, லிங்கன் சண்டைக்கு எழுபது வயசுல குதிரை ஏறி கிளம்பினாரு, அவசரத்துல இரும்புத் தொப்பி போட மறந்துட்டாரு, பக்கத்துல இருந்த பையன்தான் ஞாபகப்படுத்தினான். அதுக்குள்ள மூத்த மகனும் அப்பா பக்கம் வந்து சேர்ந்துட்டான். செப்டம்பர்ல சமாதானம், லூயிக்கு 10,000 மார்க் பணமும் குடுத்து அனுப்பி வெச்சாரு, அதுக்காக இவரைத் திட்டினவங்களும் உண்டு. எனக்கு அது சரியாத்தான் படுது, சண்டையை இன்னும் ஒரு வருஷம் இழுத்திருந்தா எத்தனை ஊர் எரிஞ்சிருக்கும்.

கடைசி நாள் எப்படி இருந்துச்சு? – வாசகி, பாளையங்கோட்டை

ரெடிங் பக்கத்துல தேம்ஸ் கரையில கேவர்ஷம்னு அவரோட வீடு, அங்கதான் கொண்டு போகச் சொன்னாரு. கடைசி மகன் ஆன்செல்முக்கு முதல்ல நிலம் எதுவும் எழுதல, தானா சம்பாதிச்சு மேல வரட்டும்னு, தான் வந்த மாதிரி. கூட இருந்த ஜான் ஆஃப் எர்லி, பல வருஷம் இவரோடயே இருந்தவரு, குதிரைக்கு லாடம் அடிக்கக்கூட காசு இல்லாம அவன் என்ன பண்ணுவான்னு வாதாடினப்புறம் வருஷம் 140 பவுண்டு வர்ற நிலம் எழுதினாரு. கல்யாணம் ஆகாத கடைசிப் பொண்ணு ஜோனுக்கும் தனியா ஒதுக்கினாரு.

ஒரு நாள் எனக்குப் பாடணும் போல இருக்குன்னாரு. பாடுங்க, சாப்பாடு இறங்கும்னாங்க. நான் பாடினா பைத்தியம்னு நினைப்பாங்க, பொண்ணுங்களைக் கூப்பிடுங்கன்னாரு. அஞ்சு பேரும் வந்தாங்க. முதல்ல மூத்தவ மட்டில்டா பாடினா, பாட மனசே இல்ல, ஆனாலும் அப்பா கேட்டாரேன்னு குரல் எடுத்துப் பாடினா. அடுத்தது ஜோன், அவ கூச்சப்பட்டு தயங்கித் தயங்கிப் பாடினா, பாடறப்போ கூச்சப்படாதே, அப்படிப் பாடினா வராதுன்னு சொல்லி, வார்த்தையை எப்படிச் சொல்லணும்னு படுக்கையில கிடந்துக்கிட்டே சொல்லிக் குடுத்தாரு.

வருஷா வருஷம் தன் வீரர்களுக்குக் குடுக்கிற ரோமம் வெச்ச அங்கி எண்பது வந்து இறங்கியிருந்துச்சு, வித்து ஆன்மாவுக்கு தர்மம் பண்ணலாமேன்னு ஒரு குமாஸ்தா சொன்னதுக்கு அவருக்கு ஒரே கோவம், பண்டிகை வருது, அது அவங்களுக்குச் சேர வேண்டியதுன்னுட்டாரு. டோர்னமென்ட்ல புடிச்சதையெல்லாம் திருப்பிக் குடுத்தாத்தான் மோட்சம்னு சொன்னவங்ககிட்ட, ஐநூறு பேரைப் புடிச்சிருக்கேன், இனி எங்க போய் குடுக்கறதுன்னாரு. முப்பது வருஷம் முன்னாடி ஜெருசலேம் போனப்போ வாங்கிட்டு வந்த ரெண்டு பட்டுத்துணியை எடுத்து வரச் சொன்னாரு, சவத்து மேல போத்தறதுக்குன்னு அன்னிக்கே வாங்கி வெச்சது. டெம்ப்ளர்ங்கிற போர்வீரத் துறவிங்க சபையில சேர்ந்துட்டா பொம்பளைங்களைத் தொடக்கூடாதுங்கிறதால, சேர்றதுக்கு முன்னாடி இசபெல்லைக் கூப்பிட்டு இப்போ ஒரு முத்தம் குடு, இனிமே முடியாதுன்னாரு. ரெண்டு பேரும் அழுதாங்க.

அஞ்சு ஆம்பளப் புள்ளை இருந்தும் வம்சம் அத்துப்போனது சாபத்தாலயா? குடும்பத்துல எல்லாரையும் எங்க புதைச்சாங்க? – வாசகர், காரைக்குடி

சாபக்கதை அந்தக் காலத்துலயே பேசினதுதான். அயர்லாந்துல ஃபெர்ன்ஸ் ஊர் பிஷப்போட ரெண்டு ஊரை மார்ஷல் எடுத்துக்கிட்டாரு, புள்ளைங்களும் திருப்பித் தரல, ஒரே தலைமுறையில இந்தப் பேரு அழியட்டும்னு பிஷப் சபிச்சாருன்னு ஒரு துறவி எழுதி வெச்சிருக்காரு. நான் சாபத்துல போகல, ஆனா நடந்தது அப்படித்தான் ஆச்சு. மூத்தவர் வில்லியம் ராஜாவோட தங்கச்சி எலனோரையே கட்டினாரு, 1231ல போயிட்டாரு. ரிச்சர்ட் 1234ல ராஜாவை எதிர்த்த கலகத்துல அயர்லாந்துல காயம் பட்டு செத்தாரு. கில்பர்ட் சர்ச் வேலைக்குன்னு வளர்ந்தவரு, 1241ல ஒரு டோர்னமென்ட்ல கடிவாளம் அறுந்து குதிரை இழுத்துட்டுப் போய் செத்தாரு, அப்பா சம்பாதிச்ச அதே ஆட்டத்துல. வால்டரும் ஆன்செல்மும் 1245 கடைசியில ஒரே மாச இடைவெளியில. அஞ்சு பேருக்குமே சட்டப்படி வாரிசு இல்ல.

சொத்து 1247ல அஞ்சு பொண்ணுங்க வழிக்குப் பிரிஞ்சது. லென்ஸ்டர்ல மட்டில்டாவுக்கு கார்லோ, இசபெல் வழிக்கு கில்கென்னி, சிபில் வழிக்கு கில்டேர், ஈவா வழிக்கு டனமேஸ், ஜோன் வழிக்கு வெக்ஸ்ஃபோர்ட். சிபில்லுக்கு மட்டும் ஏழு பொண்ணுங்க, அதனால கில்டேர் இன்னும் ஏழு துண்டு. மக இசபெல்லோட பொண்ணு ஸ்காட்லாந்து புரூஸ் வீட்டுல வாழ்க்கைப்பட்டா, அந்த வழியில வந்தவர்தான் ராபர்ட் புரூஸ் ராஜா. பேரு அத்துப்போச்சே தவிர வம்சம் அத்துப்போகல, பொண்ணு வழியை வம்சம்னு எண்ணாததால நமக்கு அப்படித் தெரியுது.

புதைச்ச இடம் கேட்டீங்க. மார்ஷல் லண்டன் டெம்பிள் சர்ச்ல, படுத்த மாதிரி கல்லுல செதுக்கின உருவம் இன்னும் இருக்கு, 1941 குண்டுவீச்சுல அடி வாங்கினதோட. இசபெல் ஒரே வருஷத்துல, 1220ல போயிட்டாங்க, அவங்களை அங்க வைக்கல, அவங்க பிறந்த வீட்டு சொத்தான செப்ஸ்டோவுக்கு மேல வை ஆத்தங்கரையில டின்டர்ன் மடத்துல புதைச்சாங்க. வில்லியமும் கில்பர்ட்டும் லண்டன்ல அப்பாவோட. வால்டரும் ஆன்செல்மும் டின்டர்ன்ல அம்மாவோட. பிணையா போன ரெண்டாவது மகன் ரிச்சர்ட் மட்டும் கடலுக்கு அந்தப் பக்கம், கில்கென்னியில.